காற்று ஓய்ந்ததும் மண்ணை மாற்றுங்கள்

ஆவணி முடியப்போகிற நேரத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த வீட்டு மாடிக்கு ஏறினாலும் தொட்டிச் செடிகள் ஒரே கோலத்தில்தான் நிற்கும். ரோஜா கிழக்கே சாய்ந்து கிடக்கும். செம்பருத்தி இலையின் ஓரமெல்லாம் கருகியிருக்கும். துளசி கதிர் முற்றி, இலை கொட்டி, வெறும் குச்சியாக நிற்கும். தொட்டி மண்ணோ சுருங்கி இறங்கி, விளிம்பை விட்டு ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விலகியிருக்கும். பாதியைச் சித்திரை வெயில் செய்தது. மீதியை, வைகாசிக் கடைசியில் கிளம்பி ஆடி முழுக்க அடித்துத் தீர்த்த மேல்காற்று செய்தது.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே ரோட்டோரத்தில் நர்சரி வைத்திருக்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்களுக்குக் கூட்டம்தான். கொலு வைக்க வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள், அப்படியே மாடியையும் பார்த்துவிட்டு வருவார்கள். "அக்கா, பழசெல்லாம் போச்சு. புதுசா ஒரு பத்துச் செடி குடுங்க" என்பார்கள். செடி விற்பதுதான் என் பிழைப்பு. இருந்தாலும் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, "மண்ணை எப்ப மாத்துனீங்க?" என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. செடியை மாற்றிய ஞாபகம் இருக்கும். மண்ணை மாற்றிய ஞாபகம் யாருக்கும் இருக்காது. செத்த மண்ணில் புதுச் செடியை வைத்தால், பழைய செடிக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும்.

டொராண்டோவில் இருக்கிற என் சித்தி மகள் செப்டம்பர் ஆனால் கடைவாசலில் அடுக்கியிருக்கும் செவ்வந்தித் தொட்டிகளைப் படம் பிடித்து அனுப்புவாள். அங்கே கோடைப் பூக்களைப் பிடுங்கிவிட்டு செவ்வந்தி, பான்சி, அலங்கார முட்டைக்கோஸ் என்று குளிர் தாங்குகிறவற்றை வைக்கிறார்கள். கறிவேப்பிலைத் தொட்டியை இரவுக் குளிர் 10 டிகிரிக்கு இறங்குவதற்குள் வீட்டுக்குள் தூக்கிவிட வேண்டும். அது அந்த ஊர்ப் பாடு. நமக்கு இலையுதிர்காலம் கிடையாது. நமக்கு மாறுவது காற்றும் தண்ணீரும். அதைப் புரிந்துகொண்டால் தொட்டியில் என்ன செய்யவேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் பாய்கிற பெரிய வழிகள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, நம்முடைய கம்பம். மேகம் தன் மழையைத் தேக்கடிப் பக்கம் கொட்டிவிடுகிறது. நமக்கு வருவது ஈரம் இழந்த காற்றும், மலையடியில் கொஞ்சம் சாரலும். அந்த மழைத் தண்ணீர் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த வழியாக லோயர் கேம்ப்பில் இறங்கி, பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல்லுக்கு இரண்டு போகமும் பாய்கிறது. ஆகவே ஆனி, ஆடியில் வயல் தளும்பி நிற்கும். அதே வயலுக்கு எதிர்வீட்டு மாடியில் தொட்டி காய்ந்து வெடித்திருக்கும். தென்மேற்குப் பருவமழை வயலுக்குச் சுற்றி வந்து சேர்கிறது. மாடிக்கு வந்து சேர்வது காற்று மட்டும்.

காற்று செடியை ஆட்டுவதோடு விடுவதில்லை. இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. நாம் காலையும் மாலையும் ஊற்றுகிறோம். ஊற்றுவது பெரும்பாலும் போர் தண்ணீர். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் எங்கே போகும்? தொட்டியிலேயே தங்கும். மண்தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது அதுதான். மண்ணுக்கு மேலே பொருக்காகக் கட்டியிருப்பதும் அதுதான். இலை ஓரம் கருகினால் "தண்ணி பத்தலை" என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் கூட்டி ஊற்றுகிறோம்.

இதற்கு நேர் எதிரானது ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதத்தில் பெய்கிறது. கோடையில் தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்திருந்த மண், அப்போதும் அதே மாதிரி பிடித்து வைத்தால் வேர் அழுகும். சித்திரையில் செடியைக் காப்பாற்றிய கலவை கார்த்திகையில் அதைக் கொன்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நமக்கு வாய்த்த இடைவெளி புரட்டாசி. பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று அந்த மாதத்தைப் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். காய்கிற நாளில் மண்ணைப் பிரிக்க வேண்டும். பெய்கிற நாளுக்குள் தொட்டியைத் திரும்பக் கட்டிவிட வேண்டும்.

சென்ற புரட்டாசியில் கோம்பையிலிருந்து ஓர் அம்மா ஸ்கூட்டி முன்னால் ஒரு ரோஜாத் தொட்டியை வைத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு வருசமா இருக்குக்கா, இந்த வருசம் மொட்டே வைக்கலை. என்ன மருந்து அடிக்கலாம்?" என்றார். தொட்டியைக் கவிழ்த்து, உள்ளங்கையில் செடியின் அடியைத் தாங்கி, விளிம்பைப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினேன். தொட்டியின் வடிவத்திலேயே மொத்தமாகக் கழன்று வந்தது. அவருக்குக் காட்டினேன். சுவரை ஒட்டி வேர் வட்டம் வட்டமாகச் சுற்றிப் பின்னியிருந்தது. மேலே நான்கு விரல் மண் கல் மாதிரி இறுகியிருந்தது. நடுவில் கத்தியால் கீறிப் பார்த்தால் தூள் பறக்கக் காய்ந்திருந்தது. தினமும் ஊற்றிய தண்ணீர் மண்ணுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்து வழியாக இறங்கி, அடி ஓட்டையில் ஓடிப்போயிருக்கிறது. நடுவேருக்குப் போகவே இல்லை. ஒரு பக்கத்தில் எறும்புப் புற்று. அடியில் மட்டும் இரண்டு விரல் அளவுக்குக் கருத்து, சேற்று நாற்றம். காய்ச்சலும் அழுகலும் ஒரே தொட்டியில். எந்த மருந்து அடித்து என்ன?

அந்த அம்மாவுக்குச் செய்து காட்டியதை அப்படியே சொல்கிறேன். செடியைத் தட்டிக் கழற்றியதும் ஒரு வாளித் தண்ணீரில் மண்கட்டியோடு கால் மணி நேரம் இறக்கி வைத்தேன். காற்றுக் குமிழி வருவது நின்றதும் எடுத்து, சுற்றிப் பின்னிய வேரைக் கையால் உதறிப் பிரித்தேன். கருத்து வழுவழுப்பாக இருந்ததை வெட்டினேன். வெள்ளையாகவும் இளமஞ்சளாகவும் இருந்ததைத் தொடவில்லை. வெளிச்சுற்றில் ஒரு கட்டைவிரல் கனத்துக்கு வேரைச் சீவிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முகம் வாடிவிட்டது. சீவின இடத்திலிருந்துதான் புது வேர் கிளம்பும். வேரைக் குறைத்தால் தலையையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கிற வேரால் இலைக்குத் தண்ணீர் அனுப்பி மாளாது. நம் ஊரில் திராட்சைத் தோட்டத்துக்காரர்களுக்குக் கவாத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையை ஆண்டில் எந்த மாதமும் அறுக்கிற மாதிரி முறை வைத்து வெட்டுகிற ஊர் இது. அதே துணிச்சல் தொட்டி ரோஜாவிடமும் வேண்டும். காய்ந்தது, மெலிந்தது, உள்நோக்கி வளர்ந்தது மூன்றையும் எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினேன். வெட்டின நாளிலிருந்து 40, 45 நாளில் ரோஜா பூக்கும். அந்தச் செடி கார்த்திகை தீபத்துக்குப் பூத்தது.

இனி மண். பழைய மண்ணைத் தெருவில் கொட்டாதீர்கள். செம்மண் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. அதிலிருந்த மக்குதான் தீர்ந்துவிட்டது. மக்கு கரையக் கரையத் துகளுக்கு நடுவே இருந்த காற்றறைகள் அடைபடுகின்றன. அதனால்தான் மண் மட்டம் இறங்குகிறது. கட்டியை உடைத்து, வேர்க்குப்பையைச் சலித்து எடுத்துவிட்டு, மாடியில் மெல்லியதாகப் பரப்புங்கள். மேலே கண்ணாடி மாதிரியான பாலிதீன் தாளைப் போர்த்தி ஓரத்தில் செங்கல் வையுங்கள். மண்ணை லேசாக நனைத்துவிட்டுப் போர்த்தினால் உள்ளே சூடு நன்றாக ஏறும். பூச்சி முட்டையும் களை விதையும் பூசணமும் குறையும். வயலில் இதை 4 முதல் 6 வாரம் வைப்பார்கள். நாம் மெல்லியதாகப் பரப்புவதால் புரட்டாசி வெயில் காய்கிற பத்து நாள் கிடைத்தாலும் பலன் உண்டு. உப்புப் பொருக்கு கட்டியிருந்த தொட்டி மண் என்றால், மேல் பொருக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, மழை பெய்கிற ஒரு நாளில் நனையவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரைப் போல உப்பைக் கழுவுகிறது எதுவும் இல்லை.

கலவைக்கு நான் கொடுக்கிற அளவு: பழைய மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாணிக் குப்பை அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மூன்றாவதாக ஒரு பங்கு. அந்த மூன்றாவது பங்கில்தான் பருவத்துக்குத் தக்க மாற்றம் இருக்கிறது. கோடைக்கு அது முழுக்கத் தேங்காய் நார்த்தூளாக இருக்கட்டும். நார்த்தூள் தன் எடையைப் போல 7, 8 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சித்திரையில் அது வரம். மழைக்காலத்துக்கு அந்தப் பங்கில் பாதியை எடுத்துவிட்டு, உமியோ கருக்கிய உமியோ போடுங்கள். நெல் விளைகிற பள்ளத்தாக்கில் ரைஸ் மில்லில் உமி கிடைக்காமல் போகாது. உமி சீக்கிரம் மக்காது, மண்ணை இறுகவிடாது, தண்ணீரை வழியவிடும். ஆற்று மணல் கிடைத்தால் அதுவும் நல்லது. எம்-சாண்டைச் சிலர் போடுகிறார்கள். அதில் கலந்திருக்கிற கல்தூள் ஈரம் பட்டால் இறுகிக்கொள்ளும் என்பதால் நான் சேர்ப்பதில்லை. நார்த்தூள் வாங்கும்போது கழுவிய நார்க்கட்டியாகக் கேட்டு வாங்குங்கள். மட்டையிலிருந்து நேராக அரைத்த தூளில் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். இரண்டு வீட்டு மாடிக்குப் போதும், பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இதோடு ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. டிரைக்கோடெர்மா விரிடி தூள் கிடைத்தால் சாணிக் குப்பையில் ஒரு கைப்பிடி கலந்து, லேசாக ஈரம் காட்டி, நிழலில் இரண்டு வாரம் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டுச் சேருங்கள். அது வேரழுகலைக் கொண்டுவருகிற பூசணத்தை அடக்கிவைக்கிற நல்ல பூசணம். ரசாயன மருந்தை அதே வாரத்தில் ஊற்றினால் இரண்டும் வீண்.

தொட்டி அடியில் ஜல்லி நிரப்புகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். தண்ணீர் வடியும் என்ற நினைப்பு. நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் சட்டென்று இறங்காது. மேல் மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் சொட்டும். ஆக, தொட்டியின் அடியில் தேங்கியிருக்க வேண்டிய ஈரம் ஜல்லி உயரத்துக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஓட்டை மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும். அதற்குப் பதிலாகத் தொட்டியைத் தரையிலிருந்து தூக்குங்கள். மூன்று செங்கல் துண்டின் மேல் நிற்கிற தொட்டி நன்றாக வடியும். தளமும் பாசி பிடிக்காது. ஒரு கன அடி நனைந்த மண் 45 கிலோவுக்குக் குறையாது. மழைக்கு முன் பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவிலிருந்து சுவர் மேல் நிற்கிற ஓரத்துக்கு நகர்த்துவதும் இந்த வேலையில் சேர்ந்தது.

அடித்தட்டுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். கோடைக்கு அவை வேண்டும், மழைக்கு வேண்டாம். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு இந்த மாதிரித் தட்டில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, அடுத்த மழையில் பொரிக்கும். நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து அடுக்கி வையுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

மண் தயாரான பிறகு செடிக்கு வரலாம். நம் ஊரில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை என்று நினைப்போம். தேனி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் சில செடிகளுக்கு அதுவே போதும். அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னரும் அல்லார்டும், ஒரு வகைப் புகையிலை கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போவதைப் பார்த்துத் துருவி, பகலும் இரவும் நீள்வதையும் குறுகுவதையும் வைத்தே செடி பூக்கும் காலத்தை அறிகிறது என்று 1920-ல் எழுதினார்கள். நம் வீட்டுப் பந்தல் அவரை இதற்கு நல்ல சாட்சி. நாட்டு அவரையை ஆடியில் போட்டாலும் சரி, அதற்கு முன்பே போட்டாலும் சரி, கொடி ஓடுமே தவிர இரவு நீளாமல் பூ எடுக்காது.

செவ்வந்தியும் அப்படித்தான். டிசம்பர் பூவும் அப்படித்தான். டிசம்பர் பூவை யாரும் நர்சரியில் கேட்டு வாங்குவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஊதா, வெள்ளை, ரோஸ், வெள்ளையில் ஊதாக் கோடு என்று எத்தனை நிறம்! ஒரு குச்சியை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும், மழையைத் தாங்கும், பூச்சி அண்டாது. கார்த்திகை, மார்கழியில் செடி தெரியாமல் பூக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தலையில் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு போன பூ. கடையில் வாங்கிய செவ்வந்தி இரண்டு வாரத்தில் வாடும் இடத்தில் இது தை வரை நிற்கும். உறவினர் வீட்டில் இருந்தால் ஒரு கிளை கேட்டு வாங்கி இந்த மாதமே நட்டுவிடுங்கள். இந்தச் செடிகளைத் தெருவிளக்கு வெளிச்சம் நேராக விழுகிற கைப்பிடிச் சுவரில் மட்டும் வைக்காதீர்கள். இரவு முழுக்க எல்.இ.டி. எரிந்தால் செடிக்கு இரவு நீண்டது தெரியாது, மொட்டு தள்ளிப்போகும்.

செண்டுப்பூவுக்கு நாள் எண்ண வேண்டும். விதைத்து 30 நாளில் நாற்று, நட்டு 60 நாளில் பூ. புரட்டாசி முதல் நாள் செப்டம்பர் 17 வாக்கில் வருகிறது. அன்றைக்கு விதைத்தால் மார்கழி பிறக்கும்போது பூத்துவிடும். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். ஆயுத பூஜைக்குச் சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டில்தான் வாங்கியாக வேண்டும். கோலத்துக்கு நம் மாடியிலேயே பறிக்கலாம். சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ வேண்டுமென்றால் ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு பெரிய பையில் இரண்டு விதை ஊன்றுங்கள். கோழிக்கொண்டை, கொத்தமல்லி, முள்ளங்கி, அரைக்கீரை எல்லாம் இந்தப் பருவத்துக்கு ஒத்துவரும். கீரை விதையைத் திறந்த தொட்டியில் தூவினால் ஐப்பசி மழை அடித்து ஒரு மூலையில் ஒதுக்கிவிடும். முளைத்து நான்கு இலை வரும்வரை தாழ்வாரத்தில் வைத்திருங்கள். அடினியம், கற்றாழை வகைகளையும் மழைக்கு அங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

துளசிக்கு முற்றிய கதிரை எல்லாம் கிள்ளிவிட்டுப் புது மண் கொடுத்தால் போதும். வெட்டக் கூடாத செடி ஒன்று உண்டு. கத்தரிக்கோல் கையில் இருக்கிற வேகத்தில் பலர் குண்டுமல்லியையும் வெட்டிவிடுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மல்லிக் குடும்பத்துக்கு மாதம் பிரித்தே சொல்கிறது: குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். இப்போது வெட்டினால் வருகிற இளங்குருத்து மழையில் அழுகும். மல்லித் தொட்டிக்கு மேல்மண்ணை நான்கு விரல் ஆழத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, புதுக் கலவையைப் போட்டு அப்படியே விடுங்கள். கார்த்திகை பாதிக்கு மேல் மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்கிற நேரமாகப் பார்த்து, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையைக் கழித்து, அன்றைக்கே எரு வைத்துத் தண்ணீர் விடலாம்.